வகுப்பறையிலிருந்து மாமன்றத்துக்கு: லைப்சிக் மேயர் பூர்க்கார்ட் யுங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பூர்க்கார்ட் யுங்?

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாக்சனி மாநிலத்தில் இருக்கும் லைப்சிக் நகரத்தின் மேயர். 2006 முதல் அந்த நாற்காலியில் இருக்கிறார். அதற்கு முன் பள்ளி ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் மாநகராட்சியில் கல்வித் துறைப் பொறுப்பாளர். கட்சி, சமூக ஜனநாயகக் கட்சி. 1958 மார்ச் 7 அன்று சீகன் என்ற ஊரில் பிறந்தார். சீகன் பழைய மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்தது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதுதான் சாவி.

பெயரை எப்படிச் சொல்வது? 'ஜங்' என்று எழுதுகிறார்களே?

ஜெர்மனில் அந்த முதல் எழுத்து 'ய' ஒலிதான். எனவே யுங். உளவியல் அறிஞர் கார்ல் யுங்கின் அதே பெயர்தான், உறவு எதுவும் இல்லை. சொல்லுக்குப் பொருள் 'இளமையான'. 1990-க்குப் பின் லைப்சிக்கை அதிக காலம் ஆண்ட மேயருக்கு இப்படி ஒரு பெயர்.

பள்ளியில் என்ன பாடம் நடத்தினார்?

ஜெர்மன் மொழியும், புராட்டஸ்டன்ட் சமயப் பாடமும். ஜெர்மனியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வழக்கமாக இரண்டு பாடங்களில் தகுதி பெறுவார். அவர் படித்த காலத்தில் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் முதல் அரசுத் தேர்வு. பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டு பள்ளியிலேயே பயிற்சி. அதன் முடிவில் இரண்டாவது அரசுத் தேர்வு. இவ்வளவும் தாண்டினால்தான் 'முழு ஆசிரியர்'. யுங் இந்தப் படிகளை ஏறி, சொந்த ஊரான சீகனில் திருச்சபை சார்ந்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

சமயப் பாடம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளி நினைவுக்கு வரும். அங்கே அது அப்படியல்ல. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளியிலேயே மதிப்பெண் போடும் முறையான பாடம். பதினாறு வயதுப் பிள்ளைகள் கடவுள் உண்டா இல்லையா என்று மேசையைத் தட்டி வாதிடும் வகுப்பு. அந்த வகுப்பைச் சமாளித்தவருக்கு மாமன்றக் கூட்டம் பெரிய சிரமமாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

நிலையான வேலையை விட்டுவிட்டு ஏன் கிழக்கே போனார்?

காலத்தைப் பார்க்க வேண்டும். 1989 அக்டோபர் 9 அன்று, கிழக்கு ஜெர்மனியின் சோஷலிச ஆட்சியை எதிர்த்து, லைப்சிக் தெருக்களில் எழுபதாயிரம் பேர் மெழுகுவத்தியோடு நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று ஊரே பயந்திருந்தது, நடக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. ஒன்றான மறுநாளே கிழக்கில் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது: நீதிபதி, வங்கி மேலாளர், நில அளவையர், பள்ளித் தலைவர். மேற்கிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். பதவி உயர்வுக்காகவும் கூடுதல் படிக்காகவும் போனவர்கள் உண்டு. ஏதாவது புதிதாகச் செய்து பார்க்கலாம் என்று போனவர்களும் உண்டு.

யுங் 1991-இல் போனார். வயது முப்பத்து மூன்று. லைப்சிக்கில் புதிதாகத் தொடங்கிய புராட்டஸ்டன்ட் பள்ளி வளாகத்துக்குத் தலைமை ஏற்கும் வேலை. கட்டிடத்திலிருந்து பாடத்திட்டம் வரை எதுவுமே தயாராக இல்லாத நிலையில் ஒரு பள்ளியை நிறுத்தி நடத்துவது, வகுப்பெடுப்பதிலிருந்து முற்றிலும் வேறான தொழில். ஆசிரியரை நிர்வாகி ஆக்கியது கட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பள்ளியின் எட்டு வருடங்கள்தான் ஆக்கின என்று தோன்றுகிறது.

லைப்சிக்கில் மதத்தை நம்புகிறவர்களே குறைவாமே? அந்தப் பள்ளிக்கு யார் பிள்ளைகளை அனுப்பினார்கள்?

நல்ல கேள்வி. அந்த நகரத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எந்தச் சபையிலும் சேராதவர்கள். நாற்பது ஆண்டு சோஷலிச ஆட்சியின் விளைவு அது. அந்த ஆட்சியில் சபைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மேல்நிலை வகுப்பில் இடம் கிடைப்பதே கஷ்டம். போதகர் வீட்டுப் பிள்ளை என்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கதவு மூடியிருக்கும். அரசு சாராத பள்ளி என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை.

அதனால் 1991-இல் சபைப் பள்ளி என்பது இரண்டு வகையினரை ஈர்த்தது. ஒன்று, இத்தனை காலம் ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள். இன்னொன்று, பழைய பள்ளியின் பழைய வாசனை வேண்டாம் என்று நினைத்த, மத நம்பிக்கை இல்லாத பெற்றோர். இரண்டாவது வகையினரிடம் பேசிப் பழகியதுதான் பின்னால் அவருக்குத் தேர்தலில் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். சமயப் பாட ஆசிரியர் ஒருவர், சமயமே இல்லாத ஊரில் மூன்று முறை ஜெயிப்பது சாதாரண விஷயமல்ல.

பள்ளியிலிருந்து மாநகராட்சிக்குள் எப்படி நுழைந்தார்? கவுன்சிலராக நின்றாரா?

இல்லை. ஜெர்மன் நகராட்சிகளில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு பதவி உண்டு. மேயருக்குக் கீழே ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பாளர். நிதிக்கு ஒருவர், கட்டிடத்துக்கு ஒருவர், பண்பாட்டுக்கு ஒருவர். இவர்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மாமன்றம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். கவுன்சிலராக இருக்க வேண்டியதில்லை. தகுதி இருந்தால் வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம். மந்திரிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டால் எப்படியோ அப்படி.

1999-இல் இளைஞர், பள்ளி, விளையாட்டுத் துறைக்கு யுங் இப்படி வந்தார். 2001 முதல் சமூகநலமும் சுகாதாரமும் அவர் கைக்கு வந்தன.

பள்ளி ஆசிரியரே பள்ளிகளை மூடினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அவரைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

1990-க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் பிறப்பு விகிதம் பாதிக்கும் கீழே விழுந்தது. தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன, நாளை என்ன என்று தெரியாத காலம், யார் குழந்தை பெற்றுக்கொள்வார்கள்? இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள். 1933-இல் ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த லைப்சிக், 1998-இல் நாலரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சுற்றுவட்டார ஊர்களை இணைத்துத்தான் எண்ணிக்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினார்கள். 2000-ஐ ஒட்டி நகரத்தில் ஐந்தில் ஒரு வீடு காலி. தெருத் தெருவாக ஜன்னலுக்குப் பலகை அடித்த நான்கு மாடிக் கட்டிடங்கள்.

அந்தக் குறைந்த பிறப்பெண்ணிக்கை ஆறு வருடம் கழித்து முதல் வகுப்புக்கும், பத்து வருடம் கழித்து ஐந்தாம் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. சரியாக அந்த ஆண்டுகளில்தான் யுங் பள்ளித் துறையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லாத பள்ளிகளுக்குப் பூட்டுப் போடும் வேலை அவர் தலையில். பெற்றோர் எதிர்ப்பு, ஆசிரியர் வேதனை எல்லாம் நேரில் வாங்கிக்கொண்டார்.

பிறகு என்ன ஆனது? ஊர் திரும்ப நிரம்பியது. 2019-இல் ஆறு லட்சத்தைத் தாண்டியது. அவர் மேயராக இருந்த அதே காலத்தில் வகுப்பறைகள் போதாமல் கண்டெய்னர் வகுப்புகள் போட வேண்டியதாயிற்று. மூடிய நிர்வாகமே புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. குற்றம் சொல்வது சுலபம். 2000-இல் உட்கார்ந்துகொண்டு 2015-இல் இத்தனை தொட்டில்கள் ஆடும் என்று கணித்தவர்கள் எத்தனை பேர்? ஆனாலும் கட்டிடங்களை இடிக்காமல், விற்காமல் வைத்திருந்திருக்கலாம் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

மேயர் பதவி எப்படிக் கிடைத்தது?

முந்தைய மேயர் வோல்ஃப்காங் டீஃபென்சே டெல்லிக்குப் போனார்... மன்னிக்கவும், பெர்லினுக்குப் போனார், பழக்க தோஷம். 2005 நவம்பரில் ஏஞ்சலா மெர்க்கெலின் முதல் அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சரானார். டீஃபென்சே ஊருக்கே செல்லப்பிள்ளை. 2012 ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி சார்பில் எந்த நகரம் என்று 2003-இல் போட்டி நடந்தபோது, மேடையில் செல்லோ வாசித்து லைப்சிக்கை ஜெயிக்க வைத்தவர். (அடுத்த ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் குழு லைப்சிக்கை முதல் சுற்றிலேயே கழற்றிவிட்டது வேறு கதை.) அப்படிப்பட்டவர் விட்டுப்போன இடத்துக்கு, செல்லோ இல்லாமல், கொஞ்சம் வாத்தியார் தொனியோடு யுங் நின்றார். 2006 பிப்ரவரியில் இரண்டாம் சுற்றில் ஜெயித்தார்.

ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டாம் சுற்று வரை இழுத்ததா?

மூன்று முறையும். 2006-இல் 51.6 விழுக்காடு, அதுவும் வாக்காளர்களில் மூன்றில் ஒருவர் அளவுதான் வந்து ஓட்டுப் போட்டார்கள். 2013-இல் 45.2 விழுக்காடு. எதிரே நின்றவர் லைப்சிக் காவல் துறைத் தலைவராக இருந்தவர்.

2020 தேர்தல்தான் நெஞ்சைப் பிடிக்க வைத்தது. முதல் சுற்றில் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் செபாஸ்டியன் கெம்கோ 31.6 விழுக்காடு வாங்கி முன்னால் நின்றார். பதவியில் இருந்த யுங்குக்கு 29.8. கெம்கோ அப்போது மாநில அறிவியல் அமைச்சர், வயதில் இருபது வருடம் இளையவர். இடதுசாரிக் கட்சி, பசுமைக் கட்சி வேட்பாளர்கள் இருவரும் விலகிக்கொண்டார்கள். மார்ச் 1 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் யுங் 49.1, கெம்கோ 47.6. மிச்ச ஓட்டு, களத்தில் தங்கிவிட்ட கடற்கொள்ளையர் கட்சி வேட்பாளருக்கு. (அப்படியும் ஒரு கட்சி இருக்கிறது, இணையச் சுதந்திரம் பேசுகிறவர்கள்.)

பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கி எப்படி ஜெயிக்கலாம் என்று கேட்பீர்கள். சாக்சனியில் அன்றிருந்த சட்டப்படி இரண்டாம் சுற்று என்பது முதல் இருவருக்கு மட்டுமான மோதல் அல்ல. விலக விரும்பாதவர்கள் எல்லோரும் நிற்கலாம். யாருக்கு ஒரு ஓட்டு கூடுதலோ அவர் மேயர். அதனால்தான் யார் விலகுகிறார்கள் என்பதில் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது.

மேயருக்கு அங்கே என்ன அதிகாரம்?

நிறைய. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், ஒருமுறை ஏழு ஆண்டு. நிர்வாகத்துக்கும் அவரே தலைவர், மாமன்றக் கூட்டத்துக்கும் அவரே தலைவர். மாமன்றத்தில் ஓட்டும் உண்டு. ஆனால் லைப்சிக் மாமன்றத்தின் எழுபது உறுப்பினர்களில் அவருடைய கட்சி பெரும்பான்மைக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஓட்டுத் தேடி அலைய வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: 1990 முதல் சாக்சனி மாநில அரசின் தலைமை ஒருநாளும் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் கையை விட்டுப் போகவில்லை, அதே 1990 முதல் லைப்சிக் மேயர் பதவி சமூக ஜனநாயகக் கட்சியை விட்டும் போகவில்லை. ஹின்ரிஷ் லேமன்-குரூபே, டீஃபென்சே, யுங் என்று மூவர். முதலாமவர் ஹானோவர் நகர நிர்வாகத்திலிருந்து வந்த மேற்கத்தியர், நடுவில் கிழக்கில் பிறந்தவர், மூன்றாமவர் மறுபடி மேற்கு.

2008-இல் மக்கள் அவருக்குக் கொடுத்த அடி என்ன?

மேயராகி இரண்டு வருடம்கூட நிறையாத நேரம். நகரத்தின் கடன் கழுத்தை நெரித்தது. மின்சாரம், எரிவாயு, வெப்பம் வழங்கும் நகர நிறுவனத்தின் 49.9 விழுக்காடு பங்கை பிரான்சின் காஸ் த ஃபிரான்ஸ் நிறுவனத்துக்கு விற்று, 50 கோடி யூரோவுக்கு மேல் வாங்கிக் கடனை அடைக்கலாம் என்று யுங் திட்டம் போட்டார். 50.1 நம்மிடம் இருக்கும், கடிவாளம் நம் கையில்தானே என்பது அவர் வாதம்.

ஊர்க்காரர்கள் கையெழுத்து திரட்டி, பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2008 ஜனவரி 27. மக்களின் அன்றாடத் தேவைக்கான நிறுவனங்கள் முழுக்க நகரத்தின் சொத்தாகவே இருக்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்றவர்கள் 87.4 விழுக்காடு. அவரை மேயராக்கிய தேர்தலுக்கு வந்ததைவிட இந்த ஓட்டுக்கு அதிகம் பேர் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விற்பனை நின்றது. இந்தத் தோல்விதான் அவரை நல்ல மேயராக்கியது என்பது என் வாதம். எதையும் விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஆசிரியர்களின் பொதுவான நம்பிக்கை. விளக்கமாகச் சொன்ன பிறகும் 'புரிகிறது, வேண்டாம்' என்று ஊர் சொல்லும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். 2022-இல் ஐரோப்பா முழுக்க எரிவாயு விலை ஏறி மின் நிறுவனங்கள் ஆட்டம் கண்டபோது, நிறுவனம் கையில் இருப்பது பலமா பாரமா என்ற விவாதம் எல்லா ஊரிலும் நடந்தது. லைப்சிக்காரர்கள் தங்கள் பதிலை பதினான்கு வருடம் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் நிறுவன விவகாரம் என்கிறார்களே, அது வேறா?

அது வேறு, இன்னும் மோசம். நகரத்தின் குடிநீர் நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர் 2006, 2007-இல் யாருக்கும் முழுதாகத் தெரியாமல் சர்வதேச வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டார். எளிமையாகச் சொன்னால், ஊர் பேர் தெரியாதவர்கள் வாங்கிய கடனுக்கு லைப்சிக் தண்ணீர் நிறுவனம் ஜாமீன் கையெழுத்துப் போட்டது. அதற்கு ஒரு கட்டணம் வரும். கடன் நன்றாகத் திரும்பும் வரை லாபம். 2008-இல் உலக நிதி நெருக்கடி வந்தது, கடன்கள் மூழ்கின, 'கொடுத்த ஜாமீனை எடு' என்று சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி வந்து நின்றது. மொத்தம் சுமார் 29 கோடி யூரோ. குழாய் பதிக்கிற நிறுவனத்துக்கு இந்தச் சூதாட்டம் எதற்கு என்று நாடே கேட்டது.

நிர்வாகி லஞ்சம் வாங்கியதாகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2014 நவம்பரில் லைப்சிக்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 2017-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பணம் தப்பியது. ஆனால் நகரம் தன் நிறுவனங்களை எவ்வளவு கண்காணித்தது என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு பதிலாகாது. இந்த ஒப்பந்தங்கள் அவர் மேயராக இருந்தபோதுதான் நடந்தன.

மேயரே ஆசிரியர் என்பதால் லைப்சிக் பள்ளிகள் நன்றாக இருக்கின்றனவா?

இந்தக் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. ஜெர்மனியில் பள்ளி இரண்டு துண்டு. கட்டிடம், பெஞ்சு, கரும்பலகை, கூரை ஒழுகினால் சரிசெய்வது நகரத்தின் பொறுப்பு. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை என்றால் மேயர் ஒன்றும் செய்ய முடியாது, அவர் முன்னாள் தலைமையாசிரியராக இருந்தாலும். வேண்டுமானால் அழகான கட்டிடம் கட்டித் தரலாம். உள்ளே நிற்க ஆளைத் தர முடியாது.

அவரது சொந்தப் பொறுப்பில் விழுந்த அடி பால்வாடி விஷயத்தில் வந்தது. 2013 ஆகஸ்ட் முதல், ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பகல்நேரக் காப்பகத்தில் இடம் உரிமை என்று நாடு முழுக்கச் சட்டம். லைப்சிக்கில் இடம் இல்லை. மூன்று தாய்மார்கள், 'இடம் கிடைக்காததால் நாங்கள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. இழந்த சம்பளத்தை நகரம் தர வேண்டும்' என்று வழக்குப் போட்டார்கள். 2016 அக்டோபர் 20 அன்று நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம், நகரம் தன் தவறால் இடம் தராமல் இருந்தால் பெற்றோர் நஷ்டஈடு கேட்கலாம், 'எங்களிடம் பணமில்லை' என்பது சாக்காகாது என்று சொல்லி, நகரத்தின் பக்கம் தவறு இருந்ததா என்று பார்க்கச் சொல்லி வழக்கைக் கீழே அனுப்பியது. ஜெர்மனியின் எல்லா நகரங்களும் இன்றுவரை அந்தத் தீர்ப்பைப் பயத்தோடு மேற்கோள் காட்டுகின்றன. முன்னுதாரணத்துக்குக் காரணமான ஊர், ஒரு ஆசிரியர் ஆண்ட ஊர்.

லைப்சிக் வளர்ந்ததற்கு அவர்தான் காரணமா?

பாதிகூட இல்லை. போர்ஷே 2002-இல் உற்பத்தி தொடங்கியது, பிஎம்டபிள்யூ 2005-இல். இரண்டும் முந்தைய மேயர் காலத்து விதை. டிஎச்எல் 2008-இல் தன் சரக்கு விமான மையத்தை லைப்சிக் விமான நிலையத்தில் திறந்தது. மலிவான வாடகை, பெரிய பழைய வீடுகள், பல்கலைக்கழகம் என்று இளைஞர்கள் தாங்களாகவே வந்தார்கள். நகருக்கு அடியில் ஓடும் ரயில் சுரங்கம் 2013 டிசம்பரில் திறந்தது. அது மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து செய்தது.

அவருடைய பங்கு, வந்த வளர்ச்சியைக் கெடுக்காமல் இருந்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இருபது விழுக்காட்டை ஒட்டி வேலையின்மை இருந்த ஊரில் தடுமாறாமல் நிர்வாகம் நடத்துவதே ஒரு வேலை. வாடகை ஏறியதும் பழைய குடியிருப்பாளர்கள் வெளியே தள்ளப்படுவதும் அதே வளர்ச்சியின் மறுபக்கம். அதில் அவர் தாமதமாகத்தான் விழித்தார் என்று இடதுசாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

வலதுசாரி ஊர்வலங்களின்போது அவர் எந்தப் பக்கம் நின்றார்?

டிரெஸ்டனில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு இயக்கத்தின் லைப்சிக் கிளை 2015 ஜனவரி 12 அன்று முதல் ஊர்வலம் நடத்தியது. சில ஆயிரம் பேர் வந்தார்கள். எதிர்ப்பாளர்கள் சுமார் முப்பதாயிரம் பேர். யுங் எதிர்ப்பாளர் பக்கம். மேயர் நடுநிலை வகிக்க வேண்டாமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 1989-இல் திங்கட்கிழமை ஊர்வலங்களால் விடுதலை பெற்ற ஊரில், அதே திங்கட்கிழமையை இன்னொருவர் கடன் வாங்கி வெறுப்புக்குப் பயன்படுத்தும்போது, மேயர் வீட்டுக்குள் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த நகரத்தில் ஒரு மேயரைத் தூக்கிலிட்டார்களாமே?

கார்ல் கோர்டலர். 1930 முதல் 1937 வரை லைப்சிக் மேயர். வழக்கறிஞர், பழமைவாதி. 1936 நவம்பரில் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் சிலையை யூதர் என்பதால் நாஜிகள் அகற்றினார்கள். திரும்பி வந்தவர் சிலையைத் திரும்ப வைக்கச் சொன்னார், நடக்கவில்லை, பதவியை விட்டார். பிறகு ஹிட்லருக்கு எதிரான சதியில் முக்கியமானவர் ஆனார், அது ஜெயித்திருந்தால் அவர்தான் நாட்டின் தலைமை அமைச்சர். 1945 பிப்ரவரி 2 அன்று கொன்றார்கள். அந்தச் சிலையின் மறுவார்ப்பு 2008-இல், யுங் காலத்தில், தாமஸ் தேவாலயத்தின் அருகே எழுந்தது. இசையமைப்பாளர் பாக் பாட்டுக் கற்றுக்கொடுத்த அதே தேவாலயம். பாக்கும் ஒரு வகையில் மாநகராட்சி ஊழியர்தான். சம்பளத்துக்காக மாமன்றத்தோடு ஓயாமல் சண்டை போட்டவர்.

லைப்சிக்குக்கு வெளியே அவருக்குச் செல்வாக்கு உண்டா?

ஜெர்மன் நகரங்களின் கூட்டமைப்புக்கு 2019 முதல் 2021 வரை தலைவர்; 2025-இல் மறுபடி தலைவரானார். முதல் தடவை தலைவராக இருந்தபோது கொரோனா வந்தது. பள்ளியைத் திறக்கலாமா மூடலாமா என்று நகரங்கள் சார்பில் தினமும் பேட்டி கொடுக்க வேண்டியிருந்தது. பேசியவர் பழைய தலைமையாசிரியர் என்பது பேச்சில் தெரிந்தது. ஐரோப்பிய நகரங்களின் கூட்டமைப்பான யூரோசிட்டீஸுக்கும் தலைவராக இருந்தார். கீவ் நகரம் 1961 முதல் லைப்சிக்கின் சகோதர நகரம் என்பதால் 2022-க்குப் பின் உக்ரைன் உதவியிலும் அவர் பெயர் அடிக்கடி வந்தது.

தமிழர்களுக்கும் லைப்சிக்குக்கும் ஏதாவது தொடர்பு?

மேயருக்கு அல்ல, ஊருக்கு உண்டு. லைப்சிக் மிஷன் என்று தரங்கம்பாடிப் பக்கத்தில் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1848-இல் டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்குக்கு மாறிய அந்த மிஷனின் வழி வந்ததுதான் 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்து, 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். மிஷனை அந்த ஊருக்கு மாற்றியதே பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான்.

அவருடைய அலுவலகத்தை வெளியாட்கள் பார்க்கலாமா?

அவர் அறையை அல்ல, கட்டிடத்தைப் பார்க்கலாம். புதிய நகர மண்டபம் என்று பெயர், 1905-இல் திறந்தது, அதனால் 'புதிய' என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 114 மீட்டரைத் தாண்டும் கோபுரம். அதே இடத்தில் முன்பு பிளைசன்புர்க் என்ற கோட்டை இருந்தது. 1519-இல் புராட்டஸ்டன்ட் பிரிவுக்கு வித்திட்ட மார்ட்டின் லூதரும் கத்தோலிக்க அறிஞர் யோஹான் எக்கும் போப்பின் அதிகாரம் பற்றி நாள்கணக்கில் வாதிட்டது அந்தக் கோட்டையில்தான். சமயப் பாடம் நடத்தியவருக்கு இதைவிடப் பொருத்தமான அலுவலக முகவரி கிடைத்திருக்காது.

இன்னும் எத்தனை நாள் பதவியில் இருப்பார்?

2020-இல் தொடங்கிய மூன்றாவது ஏழாண்டு 2027-இல் முடிகிறது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது.